போத்தலில் ஒட்டியிருந்த முகம்

சபையாருக்கு வணக்கம். சாட்சி சொல்ல வருகிறவர்கள் ஸ்தோத்திரத்தோடு தொடங்குவார்கள். நானும் கடைசியில் அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

போன வருடம் மாசி மாதம், என் கணவர் ஜெயசீலனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொன்னார். என் கணவர் கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர். வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றேன். அழுகைகூட வரவில்லை. வந்தது என்னவோ சின்னப் புண்தான். புதுச் சப்பாத்து கடித்த புண். அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருப்பதால் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும். பார்க்க விடவில்லை. அதுதான் என் கோபம்.

நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். அப்போது ஞாயிறுதோறும் கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை மண்டபத்தில் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்குப் போவோம். அதை நடத்தும் போதகரின் பெயரைச் சொல்லமாட்டேன். எல்லோரும் அவரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவோம். பரலோகத்தில் இருக்கிறவரைக் கூப்பிடும் சொல்லை இவருக்கும் கொடுத்தோம். இவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் ஜெபித்துத் தரும் எண்ணெய்ப் போத்தலில் அவருடைய படம் ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டுக் கலண்டரில் அவர், கதவு ஸ்டிக்கரில் அவர், என் போனைத் திறந்தாலும் அவர். மகளை எந்த டியூசனுக்கு அனுப்புவது என்பதைக்கூட அவரிடம் கேட்டுத்தான் முடிவெடுப்பேன்.

புண்ணைப் பற்றிக் கேட்டபோது, எண்ணெயைப் பூசுங்கள், டொக்டரிடம் ஓடினால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம் என்றார். சீனிக்குப் போடும் குளிசை மருந்தையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். கால்விரல் கறுத்தது. பிறகு அழுகல் மணம் வீசத் தொடங்கியது. பயந்துபோய்ப் போதகருக்குப் போனில் கோல் எடுத்தேன். அவருடைய உதவியாளர்தான் பேசினார்.

“அப்பா உபவாசத்தில இருக்கிறார், சிஸ்டர். இப்ப கதைக்க ஏலாது. எண்ணெயை விடாமப் பூசுங்கோ.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நாங்கள். நல்லாய்ச் சிரித்தோம்.

எதிர் வீட்டில் வசந்தி அக்கா இருக்கிறார். சைவக்காரர். தைப்பொங்கலன்று அவர் கொண்டுவந்த பொங்கலை நான் வாசலிலேயே மறுத்திருந்தேன். படைத்தது என்றால் நாங்கள் தொடமாட்டோம் அல்லவா? அதை மனதில் வைக்காமல், மணம் தாங்காமல் அந்த மனுசி எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே வந்து காலைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்ன பிள்ளை இது? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேல்லையோ?”

“ஜெபிச்ச எண்ணெய் பூசுறம், அக்கா. மாறிடும்.”

அவர் போத்தலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இது ஆர்?”

“எங்கட போதகர்.”

“அண்டைக்குச் சாமிப் படத்துக்கு முன்னால வைச்ச பொங்கல் எண்டுதானே வேண்டாமெண்டனீர். அப்ப இது என்ன படம்?”

ஏளனமாகக் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டார். எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

“சரி, அதை விடும். நான் ஓட்டோ பிடிக்கிறன். வெளிக்கிடும்,” என்றார். கட்டிலில் கிடந்த என் கணவர் மெதுவாகச் சொன்னார், “எனக்கு எப்பவோ போகவேணும் போல இருந்தது. உமக்கு விசுவாசம் குறைஞ்சிடும் எண்டு சொல்லேல்லை.” பாருங்கள், கால் அழுகிக்கொண்டிருந்த மனுசன் என் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் ஏசு ஏசென்று ஏசினார். அதன் பிறகுதான் கால் போகலாம் என்று சொன்னார். அந்தச் சுவரோரம் நின்றபோது என் கை தானாகப் போனுக்குப் போனது. ஆண்டவரிடம் போகவில்லை, போதகரின் நம்பருக்குப் போனது. அப்போதுதான் உடம்பெல்லாம் கூசியது. ஆபத்தில் கை தானாக யாரைத் தேடுகிறதோ, அவர்தான் நம் தெய்வம். போனைப் பைக்குள் போட்டேன். எண்ணெய் இல்லை, ஆள் இல்லை. “ஆண்டவரே, இடையில் ஒருவரை வைத்துவிட்டேன். மன்னியும். என் கணவருக்கு அந்தக் கால் வேண்டும்.” இவ்வளவுதான் கேட்டேன்.

கேட்டார். சத்திரசிகிச்சை முடிந்து வெளியே வந்த டொக்டர், சின்ன விரலை மட்டும் எடுத்ததாகவும் கால் தப்பிவிட்டதாகவும் சொன்னார். நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்த டொக்டரை அனுப்பியவரும், வசந்தி அக்காவை எங்கள் கதவைத் தட்ட வைத்தவரும் அவரே.

வீட்டுக்கு வந்த பிறகு உதவியாளர் தானாகவே கோல் எடுத்தார்.

“அப்பாவுக்கு நல்ல சந்தோஷம், சிஸ்டர். வாற ஞாயிறு பிரதரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எண்ணெயால கால் தப்பினதெண்டு மேடையில சாட்சி சொல்லவேணும். வீடியோ எடுப்பம்.”

என்ன துணிவு. “போன விரலை என்னெண்டு சொல்லுறது?” என்று கேட்டேன்.

“அதைச் சொல்லத் தேவையில்லை, சிஸ்டர்.”

என் கணவர் போனை வாங்கினார். “தம்பி, சாட்சி சொல்லுறம். ஆனா முழுக்கச் சொல்லுவம்.” மறுபக்கம் லைன் வெட்டுப்பட்டது. அதன் பிறகு அவர்கள் எங்களை அழைக்கவே இல்லை. ஆகவேதான் முழுதையும் இங்கே சொல்கிறேன்.

இப்போது நாங்கள் கிருலப்பனையில் ஒரு சின்னச் சபைக்குப் போகிறோம். என் கணவர் மெதுவாக, ஆனால் இரண்டு காலிலும் நடந்து வருகிறார். சாப்பாட்டுக்கு ஜெபித்துவிட்டுக் குளிசையும் போடுகிறார். இரண்டும் ஆண்டவர் தருவதுதான்.

விக்கிரகம் என்றால் கல்லும் மரமும் மட்டும் என்று நினைக்கிற என் சகோதரர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு முகம் ஒட்டியிருக்கிறதா? இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். நான் அந்தப் போத்தலைக் குப்பையில் போட்டபோது, ஏதாவது ஆகிவிடுமோ என்று என் கை நடுங்கியது. உங்கள் கையும் நடுங்கினால், நீங்கள் யாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நடுங்கினாலும் கழற்றுங்கள். பிறகு ஆண்டவரிடம் நேரே கேளுங்கள். அவருக்குக் காது கேட்கும். அவருக்கு மட்டுமே ஸ்தோத்திரம்.