ஜப்பான் போகும் வழியில் செங்கல்பட்டு மேம்பாலம்

எஸ்தர் அம்மா மேம்பாலத்தின் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். செங்கல்பட்டு ரயில் நிலையம், காலை நேரக் கூட்டம். ஏறுகிறவர்கள் எல்லாரும் அவரையும், பக்கத்தில் பெரிய சூட்கேஸோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஷூ லேஸ் அவுந்துடுச்சு சார். கட்டிகினு வரேன்" என்றார்.

அவர் ஷூவில் லேஸே கிடையாது. ஒட்டுப்பட்டி வைத்த ஷூ.

அவருடைய கணவர் அருள்தாஸ் இன்னொரு பெட்டியோடு மேலே போய் நின்றுகொண்டு, "இன்னா எஸ்தரு, அங்கியே குந்திகினியா? ட்ரெய்ன் போயிடும்!" என்று கத்தினார்.

நாங்கள் மூன்று பேரும் அப்போது ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அதாவது, ஒத்திகை.

கவர் பண்ணும் வியாதி

இந்த டூர் ஏஜெண்ட் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார் எத்தனை நாடு போயிருக்கீங்க?" வேலூர் தாண்டினால் எனக்கு வாந்தி வரும். ஜன்னல் சீட்டும் எலுமிச்சம்பழமும் இல்லாமல் காஞ்சிபுரம்கூடப் போக மாட்டேன். ஊரையெல்லாம் அனுப்பிவைப்பவனாக நான் ஆனதற்குக் காரணம், நான் போகவேண்டியதில்லை என்பதுதான்.

சனிக்கிழமை வேன் டூரில் ஆரம்பித்தேன். சிங்கப்பெருமாள் கோயில், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கோவளம், நடுவில் கண்ணில் படும் கோயிலெல்லாம். இந்தத் தொழிலில் ஓர் ஊரைப் பார்ப்பதற்கு 'கவர் பண்றது' என்று பெயர். எத்தனை கவர் ஆச்சு என்பதுதான் பெருமை. திரும்பும் வழியில் ஒருத்தர், "சார், திருக்கழுக்குன்றம் போயிட்டமா, இனிமேத்தானா?" என்று கேட்டார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஜப்பான்காரர்களின் தொழிற்சாலைகள் வந்தன. நம் பிள்ளைகள் பயிற்சிக்கென்று அங்கே போனார்கள். அவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்து அப்பா அம்மாக்களும் கிளம்பினார்கள். போர்டில் 'ஜப்பான்' என்று ஒரு வரி சேர்த்தேன். டூர் பிளானை மட்டும் மாற்றவில்லை. சனிக்கிழமை வேனை அப்படியே தூக்கிக் கடல் தாண்டி வைத்துவிட்டேன். விடியலில் கிளம்பு, கவர் பண்ணு, பெட்டியைத் தூக்கு, அடுத்த ஊர்.

அப்படிப் போய் வந்த ஓர் ஓய்வுபெற்ற தாசில்தார் நேராக என் ஆபீசுக்கு வந்தார். "எல்லாம் நல்லா இருந்துச்சு சார். பெட்டிய மட்டும்தான் பாத்தோம்" என்றார். அதற்குப் பிறகுதான் ஒத்திகை வைக்க ஆரம்பித்தேன். ஊருக்குக் கொண்டுபோகும் அதே பெட்டியை அதே எடையில் கட்டிக்கொண்டு வரவேண்டும். மேம்பாலம் ஏறி இறங்கி, மின்சார ரயில் பிடித்து, சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, எதிர் ரயிலில் திரும்பவேண்டும். லிஃப்ட் இருந்தாலும் ஒத்திகையில் படிதான். மின்சார ரயில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பெட்டியோடு இறங்கிவிட்டால் ஜப்பானில் எந்த ஸ்டேஷனிலும் இறங்கிவிடலாம்.

என்னோடு வேலை செய்யும் மும்தாஜ் இதற்கு வைத்த பெயர் 'சாரோட உடற்பயிற்சி வகுப்பு'. மும்தாஜ் கோவளத்துப் பெண். டிக்கெட், விசா, ஓட்டல் எல்லாம் அவர்தான். கையெழுத்து மட்டும் என்னுடையது.

ஒகசாகி

அருள்தாஸ் அந்த ஜப்பான் தொழிற்சாலைகளில் ஒன்றின் பேக்கிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்தர் அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவரும் ஓய்வு. இரண்டு வீட்டிலும் முந்தைய தலைமுறை கூலிக்கு நாற்று நட்டது. இவர்கள் இருவரும் சேர்ந்து மகளைப் படிக்கவைத்தார்கள். மகள் இப்போது இவர்களை அனுப்புகிறாள்.

"எந்த ஊரெல்லாம் பாக்கணும்?" என்று கேட்டேன். டோக்கியோ, கியோட்டோ என்று சொல்வார் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

"ஒகசாகி, கரியா, ஹமாமாட்சு, டொயோஹாஷி" என்றார் அருள்தாஸ், பஸ் கண்டக்டர் மாதிரி.

"அங்கல்லாம் என்ன சார் இருக்கு? ஃபாக்டரிதான் இருக்கும்" என்றேன்.

"தெர்ல சார். அதுக்குத்தான் போவணும். இத்தினி வருசமா அந்தப் பேரெல்லாம் பொட்டிமேல ஒட்டி அனுப்பிகினு இருந்தேன். போய் சேந்துச்சுன்னு ஒரு ஆளு என்கிட்ட வந்து சொன்னதில்ல."

எஸ்தர் அம்மாவுக்கு வேண்டியது சிவப்பு இலை. அக்டோபர் கடைசி முதல் அங்கே மரமெல்லாம் சிவந்துபோகுமாம், போனில் பார்த்தாராம்.

"நம்ம வூட்டாண்ட பாதாம் மரத்துல செவப்பு எலதான கீது?" என்றார் கணவர்.

"அத்த நான்தான பெருக்கறேன்? நான் பெருக்காத எடத்துல, ஒக்காந்துகினு பாக்கணும்."

நான் என்ன செய்தேன்? அவர் கேட்ட நாலு ஊரையும் போட்டேன். அம்மா கேட்ட இலைக்காக கியோட்டோ போட்டேன். டோக்கியோ, ஒசாகா இல்லாமல் ஜப்பானா என்று அதையும் போட்டேன். மான் இருக்கிறதே என்று நாரா, மலை தெரியுமே என்று ஹகோனே. காகிதம் நிறைந்ததும் எனக்கு அப்படி ஒரு திருப்தி.

மும்தாஜ் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல அவங்க தூங்குறது எங்க சார்? ட்ரெய்ன்லயா?"

பாதிப் படி

திரும்ப மேம்பாலத்துக்கு வருவோம். பெட்டி ஏன் அவ்வளவு கனம் என்று அன்று காலையே தெரிந்துபோயிருந்தது. உள்ளே ரைஸ் குக்கர். "ஜப்பானுக்கே ரைஸ் குக்கர் எட்துனு போறா சார் இவ. திருப்பதிக்கு லட்டு எட்துனு போற மாதிரி" என்று அருள்தாஸ் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். அதனால்தான் அந்தப் பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிய இரண்டாவது படியிலேயே வருத்தப்பட்டேன்.

இல்லாத லேஸைக் கட்டிக்கொண்டே எஸ்தர் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சார், முட்டி. ரெண்டு வருசமா. எறங்கும்போதுதான் உயிர் போவுது. அவர்கிட்ட சொல்லிறாதீங்க."

"நீங்க நர்ஸும்மா. நீங்களே மறைச்சா எப்படி?"

"நர்ஸுங்கறதாலதான் மறைக்கத் தெரியுது. சொன்னா டூரே வாணாம்னுடுவாரு. அவரு ஒத்த ஆளா போவ மாட்டாரு. நானும் அடுத்த வருசம் இதுகூட ஏற மாட்டேன். போனா இப்பதான் சார்."

மேலே அருள்தாஸ் கத்துவதை நிறுத்தியிருந்தார். கைப்பிடியில் சாய்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நாங்கள் ரயில் ஏறவில்லை. எனக்கு மூச்சுத் திணறுகிறது என்று சொல்லி ஒத்திகையை நிறுத்தினேன். அது பொய்யும் இல்லை.

ஆபீசுக்கு வந்து என் திட்டத்தைப் பார்த்தேன். ஒன்பது ஊர். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மேம்பாலமாவது இருக்கும். நான் கவர் பண்ணியிருந்தது அந்த அம்மாவின் முழங்காலைத்தான். விஷயத்தைக் கணவரிடம் சொன்னால் டூர் நின்றுவிடும். சொல்லாமல் இதே திட்டத்தில் அனுப்பினால், மூன்றாவது ஊரில் அந்த அம்மா ஓட்டல் அறையில் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பக்கத்துச் சுவரைப் பார்த்துவிட்டு வருவார். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று எனக்குத் தெரியும். பொய்.

ரூம் இல்லை

"சார், நவம்பர்ல அங்க சீசன். எல்லா ஊரும் ஃபுல். ரூமே கிடைக்கல. மூணு ஊர்தான் முடியும்" என்று அருள்தாஸிடம் சொன்னேன். கியோட்டோவைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. ஹமாமாட்சு விஷயத்தில் முழுப் பொய். மும்தாஜ் என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பார்த்தால் எனக்கு வியர்க்கும்.

எஸ்தர் அம்மா பக்கத்து டீக்கடைக்குப் போயிருந்தார். அருள்தாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், பொய் சொல்லச் சொல்ல நீங்க காத சொறியறீங்க."

கையை எடுத்தேன்.

"முட்டி விஷயம் எனக்குத் தெரியும். தைலம் வாசன வந்தா தெரியாதா? ஒரே வூடு, ஒரே ஃபேனு. நான் கேட்டா, 'உங்களுக்காகத்தான் வரேன், எனக்கு ஒண்ணும் வாணாம்'னுடுவா. கேக்காம கீறேன். அவ ஒக்காந்துகினு எல பாக்கணும் சார். என் ஊரு நாலுத்தையும் எட்துடுங்க."

"ஒண்ணு வெச்சுக்குங்க சார். எது?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஒகசாகி. அதுக்குத்தான் நெறைய பொட்டி போச்சு."

நான் நம்பிக்கையில்லாமல்தான் ஒகசாகியை எழுதினேன். எந்தப் பேக்கேஜிலும் இல்லாத ஊர். யாரும் அங்கே போய்ப் படம் எடுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. மும்தாஜ்தான் தட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "சார், இங்க வாங்க" என்றார்.

ஒகசாகியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கோரன்கே என்று ஒரு பள்ளத்தாக்கு. ஆற்றங்கரை, ஒரு சிவப்புப் பாலம், கரையெல்லாம் மேப்பிள் மரம். உட்கார இடம். ஆற்றோரம் ஓரளவு சமதரை. அந்த வட்டாரத்துக்காரர்கள் சிவப்பு இலை பார்க்கக் குடும்பத்தோடு போகிற இடமாம். வாரக்கடைசியில் மாமல்லபுரம் ரோடு மாதிரி வண்டி நிற்குமாம்.

"இது எப்படி எனக்குத் தெரியாம போச்சு?" என்றேன்.

"நீங்க பாக்கவே இல்லியே சார். ஃபாக்டரி ஊருன்னு மூடி வெச்சுட்டீங்க."

பிறகு வேலை சுலபமாகிவிட்டது. டோக்கியோவில் இறங்குவது. அங்கிருந்து ஒகசாகி, வழியில் ஒரே ஒரு முறை ரயில் மாறினால் போதும். பிறகு கியோட்டோ. கடைசி ராத்திரி ஒசாகாவில் தங்கி விமானம். பெட்டியைக் கையில் தூக்கவே வேண்டாம். ஓட்டலில் கொடுத்தால் மறுநாள் அடுத்த ஓட்டலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். இத்தனை வருடம் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

நாளைக் குறிப்பதில்தான் பேஜார். இலை எப்போது சிவக்கும் என்பதை இலைதான் முடிவு செய்யும். ஒரு வருடம் சீக்கிரம், இன்னொரு வருடம் தாமதம். அதற்கென்று அங்கே முன்னறிவிப்பு தருகிறார்கள். "எலைக்கு வானிலை அறிக்கையா!" என்று எஸ்தர் அம்மா சிரித்தார். நமக்கு நவம்பர் என்றால் புயல். விமானம் கிளம்பவேண்டிய வாரத்தில் வங்கக்கடலில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. மும்தாஜ் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் ஆளுக்கொரு நாட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புயல் வடக்கே போய்விட்டது. விமானம் கிளம்பியது.

போன்

ஒகசாகி போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் வீடியோ கால் வந்தது. முதலில் அருள்தாஸின் நெற்றி தெரிந்தது. பிறகு மூக்கு.

"சார், காலைல போனேன். ஃபாக்டரி கேட்டுக்கு எதுக்க நின்னேன். லாரி லாரியா உள்ள போவுது. வாட்ச்மேன் பாத்தாரு. நான் குனிஞ்சு வணக்கம் வெச்சேன். அவரும் வெச்சாரு. அவ்ளோதான்."

"உள்ள போய்ப் பாக்கலியா?"

"எதுக்கு? பொட்டி போய் சேருது சார். அது போதும்."

போன் கை மாறியது. ஒரே சிவப்பு. எஸ்தர் அம்மா கோரன்கேயில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலை நீட்டி எதிரில் ஒரு கல்லின்மேல் வைத்திருந்தார். மடியில் இலைகள் விழுந்து கிடந்தன. அவர் தட்டிவிடவில்லை.

"சார், கோச்சுக்காதீங்க. நாளைக்கும் இங்கியே வரலாம்னு கீறோம். கியோட்டோ வேணாம்."

நான் பதறிப்போனேன். சீசனில் கியோட்டோவில் அந்த ரூமைப் பிடிக்க மும்தாஜ் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அம்மா, தங்கக் கோயில் இருக்கு. உலகமே அதப் பாக்கத்தான் வருது. கடைசி நேரத்துல கேன்சல் பண்ணா ஒண்ணும் திரும்பி வராது."

"பரவால்ல சார். உலகம் பாத்துட்டுப் போவுட்டும்."

பின்னாலிருந்து அருள்தாஸ் குரல் கேட்டது: "சார், அவ எழுந்துக்க மாட்டேங்கறா. நான் இன்னா பண்றது?" சொன்ன விதத்தில் புகார் இல்லை.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், திட்டம் போடுவது எப்படி என்று எல்லாரும் சொல்லித்தருவார்கள். போட்ட திட்டத்தைப் போகிறவர் பாதி வழியில் தூக்கி எறியும்போது, அது நம் தோல்வி இல்லை என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு போன் தேவைப்பட்டது. இப்போதெல்லாம் நான் எந்தத் திட்டத்திலும் நடுவில் இரண்டு நாள் வெறுமனே விட்டுவைக்கிறேன். கஸ்டமர் "அன்னிக்கு இன்னா பிளான்?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்" என்கிறேன். சிலர் வேறு ஏஜெண்டிடம் போய்விடுகிறார்கள். போகட்டும்.

அன்று மும்தாஜ் கியோட்டோ ரூமை ரத்து செய்தார். பெட்டி கியோட்டோ கிளம்பிவிடாமல் நிறுத்தச் சொல்லி, நானே ஒகசாகி ஓட்டலுக்கு போன் போட்டேன். அவர்கள் அறை அடுத்த நாட்களுக்கும் காலியாகத்தான் இருந்தது. ஓட்டல் பெண் மிகப் பணிவான ஆங்கிலத்தில், இன்னும் எத்தனை நாள் தங்குவார்கள் என்று கேட்டார்.

எனக்கு இந்தத் தொழிலில் பதில் தெரியாத கேள்விகள் நிறைய உண்டு. தெரியாது என்று உடனே ஒப்புக்கொண்டது அதுதான் முதல் முறை.

"அந்த அம்மா இலை பாத்துட்டு ரூமுக்குத் திரும்பி வந்ததும் அவங்களையே கேளுங்க" என்றேன்.