விற்றுத் தீர்ந்த கதிரைகள்

எங்கள் சனத்தை டிக்கெட் வாங்க வைப்பதில் என்னை வெல்ல மொன்றியலில் ஆளில்லை. கோயில் கலைவிழா, ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடல், யாரோ ஒரு பிள்ளையின் அரங்கேற்றம், எதுவென்றாலும் டிக்கெட் கட்டு கடைசியில் என் கைக்குத்தான் வரும். நான் போன் எடுத்தால் "அக்கா, எனக்கு ரெண்டு போடுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் என்ன நிகழ்ச்சி என்று கேட்பார்கள். சிலர் கடைசிவரை கேட்கவே மாட்டார்கள்.

அதனால்தான், சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் லைனில் என் பக்கத்தில் நிற்கும் தோழி, தன் படத்தைத் திரையிட ஒரு மண்டபம் கிடைத்திருக்கிறது, ஆட்கள் வருவார்களோ தெரியாது என்று முகத்தைத் தொங்கப் போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "உதுக்கோ கவலைப்படுறாய்? என்னட்டை விடு" என்றேன்.

அவள் ஹெய்ட்டியில் இருந்து வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்த கறுப்பினப் பெண். நாங்கள் கதைப்பது பிரெஞ்சில். என் பிரெஞ்சு, வகுப்பில் படித்தது பாதி, பஸ்ஸில் பொறுக்கியது பாதி. ஆனாலும் அவளோடு கதைத்துப் பழகியதில், அவள் சொல்வதெல்லாம் இப்போது என் காதில் எங்கள் தமிழாகவே விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

எந்தக் கம்பனியின் தயவும் இல்லாமல், சனி ஞாயிறுகளில் கமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்து, வருடக்கணக்காக அவள் எடுத்த படம் அது. முக்கால் மணித்தியாலம்தான் ஓடும். விடியற்காலை முதல் பஸ்ஸில் போய் அலுவலகக் கட்டடங்களைத் துடைத்துவிட்டு வரும் அவளுடைய அம்மாவைப் பற்றியது. உனக்கு ஏன் இந்த வில்லங்கம் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"டிவியிலை எங்கட ஆக்கள் வந்தால் ஒண்டில் பொலிஸ் கலைக்கும், இல்லாட்டி ஆரோ செத்து அழுவினம். என்ரை அம்மா வேலைக்குப் போவா, வருவா, பாடுவா, கால் நோகுது எண்டு புறுபுறுப்பா. அந்த மனிசியை நான் ஒரு படத்திலையும் காணேல்லை" என்றாள்.

"உப்பிடி எடுக்கிறவங்களுக்கு ரெண்டு குடுக்க வேணும்."

"அவங்களுக்கு ஏன் குடுக்கவேணும்? இருந்து பாக்கிறது நாங்கள்தானே. நாங்கள் பாக்குமட்டும் அவங்கள் எடுப்பாங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் பின்னேரம் முழுக்கத் தமிழ்த் தொடர்களைப் பார்த்தபடி "மூளை கெட்ட நாடகம்" என்று திட்டுவார். விளம்பரம் போனால்கூட எழும்ப மாட்டார். நானும் பக்கத்தில் இருந்து சேர்ந்து திட்டுகிறவள்தான்.

மண்டபத்துப் பொறுப்பாளர் அவளுக்கு ஞாயிறு பின்னேரம் ஒரேயொரு காட்சி கொடுத்திருந்தார். அவரும் வந்திருந்து, சனம் எப்படிப் பார்க்கிறது, முடிந்தபின் என்ன கதைக்கிறது என்று கவனிப்பார். சரிவந்தால் ஒரு கிழமை ஓடவிடுவார். அந்த ஒரு கிழமைக்காகத்தான் அவள் இத்தனை காலம் மாய்ந்துகொண்டிருந்தாள்.

நான் போனை எடுத்தேன். கோயில் ஆட்கள், மாதா கோயில் ஆட்கள், புவாண்ட்-கிளேரில் இருக்கும் மச்சாள், அவளோடு சீட்டுப் பிடிக்கிறவர்கள், ஒருவரையும் விடவில்லை. "கறுப்பாக்களின்ரை படமே அக்கா?" என்று ஒருத்தி இழுத்தாள். "ஓம், அதுக்கென்ன? உன்ரை கண் என்ன நோகப்போகுதோ?" என்றேன். "சும்மா கேட்டனான். ரெண்டு போடுங்கோ" என்றாள். இரண்டாம் நாளே எல்லாம் விற்று, மண்டபத்தின் இணையப் பக்கத்தில் இடமில்லை என்று விழுந்துவிட்டது. தோழி கன்டீனில் வைத்தே என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். நான் பெரிய ஆளாக நடந்து திரிந்தேன்.

ஞாயிறு வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். முன்வரிசையில் தோழியின் அம்மா தலையில் நல்ல தொப்பியோடு இருந்தார். பக்கத்தில் அவர்கள் வீட்டு ஆட்கள் கொஞ்சப் பேர். பின்னால் பொறுப்பாளர். மற்றக் கதிரைகள் எல்லாம் வெறுமை.

"எங்கட ஆக்கள் பிந்தித்தான் வருவினம், கொஞ்சம் பொறு" என்றேன். பொறுத்தாள். பொறுப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை.

"அம்மாவோடை வேலை செய்யிறவை எல்லாரும் வரக் கேட்டவை. டிக்கெட் முடிஞ்சுதெண்டு நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான். இனிக் கூப்பிட்டாலும் பஸ் பிடிச்சு வந்துசேரப் படம் முடிஞ்சிடும்" என்றாள் தோழி. விளக்கை அணைக்கச் சொன்னாள்.

நான் வெளியே ஓடி மச்சாளுக்குப் போன் அடித்தேன்.

"எங்கை நிக்கிறியள்?"

"வீட்டிலை. ஏன்?"

"படமல்லோ இண்டைக்கு!"

"என்ன படம்? ஓ, அதோ. நாங்கள் சப்போட்டுக்குத்தானே டிக்கெட் எடுத்தனாங்கள்."

அடுத்தவருக்கு அடித்தேன். "காசு தந்தாச்சு, பேந்து ஏன் அக்கா வரவேணும்?" என்று அவர் என்னையே கேட்டார். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஒருவர் குரலிலும் குற்றம் செய்த தொனி இல்லை. நல்லது செய்துவிட்ட திருப்தி இருந்தது.

அட கோதாரி! இது எனக்குத் தெரியாததா? டிக்கெட் எடுப்பது உதவி, போவது வேறு அலுவல், அதுதானே எங்கள் வழக்கம். எத்தனை அரங்கேற்ற டிக்கெட் என் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழே கிடந்து மஞ்சளாகியிருக்கிறது. ஆனாலும் விசர் பிடித்தவள் மாதிரி ஒவ்வொருவராக அடித்துப் பேசிக்கொண்டே நின்றேன்.

உள்ளே போனபோது படம் முடிந்து விளக்குப் போட்டிருந்தார்கள். தோழி என்னைக் கதவடியில் மறித்தாள்.

"எங்களைப் பாக்க அவ்வளவு விருப்பமில்லையோ? காசு குடுத்தும் வராமல் நிக்கினம்."

"ஐயோ, அப்பிடியில்லை. எங்கட பிள்ளையளின்ரை அரங்கேற்றத்துக்கும் நாங்கள் இதைத்தான் செய்யிறனாங்கள்" என்றேன்.

"உங்கட பிள்ளையளுக்குமோ?" என்றாள்.

கோபத்தில் கேட்கவில்லை, பாவம் பார்த்துத்தான் கேட்டாள். அதைவிட இரண்டு ஏச்சு ஏசியிருக்கலாம்.

பொறுப்பாளர் வந்தார். மரியாதையான மனிசன். கதிரைகள் விற்றது தனக்குத் தெரியும், ஆனால் கதிரைகள் படம் பார்ப்பதில்லையே என்றார். ஒரு கிழமைக்குத் தன்னால் ஒத்துக்கொள்ள முடியாது என்றும் மண்டபம் ஆறு மணிவரை எங்களுடையதுதான், ஆறுதலாகப் போகலாம் என்றும் சொன்னார். தோழி "மெர்சி" என்று நன்றி சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் எழும்பினார். "படத்திலை அந்த பஸ் போற இடம் சரியான நீளம். எனக்கு நித்திரை வந்திட்டுது" என்று, பாதி ஆங்கிலம் பாதி பிரெஞ்சில், அவளுடைய முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. "இஞ்சருங்கோ, வாயை மூடுங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீர் சும்மா இரும்" என்று கையை உதறினார். "அம்மா பாடிக்கொண்டு துடைக்கேக்கை பாட்டை டக்கெண்டு நிப்பாட்டிறா. ஆரோ வாறான் எண்டு அதிலையே விளங்குது. பேந்து ஏன் அந்தக் காவல்காரனைக் காட்டவேணும்?"

தோழி ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டு அவருக்கு முன்னால் இருந்தாள். காவல்காரன் வரும் துண்டை வெட்டினால் அம்மாவின் பயம் விளங்குமோ என்று கேட்டாள். விளங்கும் என்றார் இவர். விளங்காது என்றாள். கையை ஆட்டி ஆட்டிச் சண்டை பிடித்தார்கள். சற்றுமுன் செத்துப்போயிருந்த அவள் முகத்தில் உயிர் வந்துவிட்டது. கதவடியில் பொறுப்பாளரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த அமளிக்குள் அவளுடைய அம்மா மெல்ல நடந்து என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்தார். டிக்கெட் விற்ற தோழி நான்தான் என்று மகள் சொல்லியிருக்க வேண்டும்.

"நான் பாடினது எப்பிடி இருந்தது, பிள்ளை?"

நல்லா இருந்தது என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆயிரம் மேடைக்குப் பின்னால் நின்று சொல்லிப் பழகிய வாய். அந்த மனிசி கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் முடியவில்லை.

"நான் கேக்கேல்லை, அம்மா. வெளியிலை நிண்டு போன் கதைச்சனான்" என்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

அவர் என் கையை விடவில்லை. முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் பக்கத்துக் கதிரையில் என்னை இருத்தினார். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்து, "முதலிலை இருந்து போடு" என்றார்.

விளக்கு அணைந்தது. பஸ் இடம் உண்மையிலேயே கொஞ்சம் நீளம்தான்.