பெட்டி மேல் ஊதுபத்தி

வீட்டு கம்ப்யூட்டர் ஒரு மாதமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹேங் ஆகி நின்றது.

இன்று காலை ரிப்பேர் கடைக்காரர் வந்து பார்த்தார். "பழசுக்கா இது. எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா ஏத்திடலாம்."

"அழிக்கக் கூடாதுப்பா. செத்துப்போன என் வீட்டுக்காரர் மைக் வாங்கின அன்னிக்குப் பேசிப் பதிஞ்சது உள்ள இருக்கு."

"அப்ப என்னால ஆகாதுக்கா."

போய்விட்டார்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் விடவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூ கழற்றிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஃபேன் முழுக்கச் சாம்பல். ஊதுபத்தி வாசனை வேறு.

அவர் போட்டோவை அந்தப் பெட்டி மேல்தான் வைத்திருந்தேன். தினமும் இரண்டு ஊதுபத்தி ஏற்றுவேன். அந்தச் சாம்பலைத்தான் அது ஓட்டை வழியாக உள்ளே இழுத்திருக்கிறது.

பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து மூடினேன். மூன்று மணி நேரமாக நிற்காமல் ஓடுகிறது. இந்தப் பதிவையும் அதில்தான் டைப் அடிக்கிறேன்.

முதல் வேலையாக அவர் குரலைப் போட்டேன். மைக்கில், "ஹலோ, ஹலோ" என்கிறார். நடுவில் என் பக்கம் திரும்பி, "பொட்டி மேல டீ கிளாஸ் வெக்காதேன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

போட்டோவை டிவி மேல் மாற்றிவிட்டேன். டிவிக்கு ஊதுபத்தி ஒத்துக்கொள்ளுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.