அக்கா குடித்து வைத்த காப்பி

மாரியாத்தாளிடம் அமெரிக்காக்காரன் ஒரு பாட்டில் ரத்தம் கேட்கிறான் என்று சிங்காநல்லூரில் முதலில் சொன்னது மளிகைக் கடை. செய்தி பேருந்து நிலையத்தை அடைவதற்குள் ஒரு பாட்டில் இரண்டானது. மாவு மில்லில் அது கிட்னி ஆகிவிட்டது. "மக கூப்புட்டாளேன்னு போனா ஆளையே பிரிச்சு எடுத்துப்போடுவானுங்களாட்டம் இருக்குதுங்க" என்று உளுந்து அரைக்க வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

விசாரித்துப் பார்த்ததில் ரத்தமும் இல்லை, கிட்னியும் இல்லை. கேட்டிருப்பது எச்சில். அதுவும் ஒரு பஞ்சுக்குச்சியின் நுனியில் ஒட்டுகிற அளவு. ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. மாரியாத்தாள் விடவில்லை. கிட்னியைக் கேட்டிருந்தால்கூட அவள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள்.

மாரியாத்தாளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் பாலுசாமி மில்லில் ஃபிட்டர்; ஓய்வு பெற்று, ஓய்வென்றால் என்னவென்று பழகுவதற்குள் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் மோகனப்பிரியா கணவன் சபரீஷோடு டல்லாசில் இருக்கிறாள். போன வருடம் மாரியாத்தாள் குளியலறையில் வழுக்கி விழ, பக்கத்து வீட்டுக் கிருபாசங்கர் கதவை உடைத்துத் தூக்க வேண்டியதாயிற்று. அந்தச் செய்தி போன சூட்டோடு மகள், "இனி நீ அங்க தனியா இருந்தது போதும்" என்று சொல்லி, அம்மாவை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள மனுப் போட்டுவிட்டாள். அவள் அந்நாட்டுக் குடிமகள் ஆகிவிட்டவள். பெற்ற தாயைக் கூப்பிட்டுக்கொள்ள உரிமை உண்டு.

பெற்ற தாய்தான் என்று காட்ட ஒரு பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மோகனப்பிரியா பிறந்தது பொள்ளாச்சிக்குப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில். அவள் பிறந்ததை மருத்துவச்சி பார்த்தாள், கட்டுத்தறியில் நின்ற எருமை பார்த்தது, சர்க்கார் பார்க்கவில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழை அனுப்பினார்கள். அது போதாது, மரபணுச் சோதனை செய்து காட்டினால் நல்லது என்று பதில் வந்தது. 'நல்லது' என்று ஒரு சர்க்கார் எழுதினால் அதற்கு என்ன பொருள் என்பது எந்த நாட்டிலும் எல்லோருக்கும் தெரியும்.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கிருபாசங்கர்தான் அதைப் படித்துச் சொன்னான்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை. சென்னைல அவிய சொல்ற டாக்டருகிட்டப் போகோணும். கன்னத்துக்குள்ள குச்சிய உட்டு ஒரு தேய் தேய்ப்பாங்க. மோகனா அங்க தேய்ச்சுக்குவா. ரெண்டையும் ஒத்துப் பாப்பாங்க."

"ஒத்துப் பாத்தா என்ன தெரியுங்கண்ணு?"

"நீங்க பெத்த புள்ளதானான்னு தெரிஞ்சிருங்க."

"பொய் கிய் சொல்லுமா குச்சி?"

"குச்சி எங்கீங்க அத்தை பொய் சொல்லும்? மனுசனா அது?"

மாரியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் மோகனப்பிரியாவைப் பெறவில்லை. பெற்றது அக்கா சென்னியம்மாள். கல்யாணமாகி வருடங்கள் போயும் தங்கைக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்கோ மூன்றாவதும் பெண். தொப்புள்கொடி விழுந்த கையோடு குழந்தை சிங்காநல்லூருக்கு வந்துவிட்டது. பத்திரம் கித்திரம் எதுவும் எழுதவில்லை. அக்கா தங்கைக்குள் பத்திரம் எழுதினால் அங்கே சண்டை என்று அர்த்தம்.

இது சொந்தபந்தம் முழுக்கத் தெரியும். தெரியாத ஒரே ஆள் மோகனப்பிரியா. எந்த வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்பதைப் பந்தி முடிவதற்குள் பரப்பிவிடுகிற உறவு, இதை மட்டும் இத்தனை வருடம் மென்று விழுங்கியிருக்கிறது. நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காரணம் சென்னியம்மாளின் வாய். ஒரு பொங்கல் நோம்பி விருந்தில் சித்தப்பா முறை ஒருவர், "கண்ணு, உன்ற மூக்கு ஆராட்டம் இருக்குது தெரியுமா?" என்று மோகனப்பிரியாவிடம் ஆரம்பித்தார். அவருடைய மூக்கு யாரைப் போல் இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்று சென்னியம்மாள் அந்தப் பந்தியிலேயே விளக்கினாள். அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் மூக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அமெரிக்கா போகாவிட்டால் போகிறது. மாரியாத்தாளைக் குடைந்தது வேறு. சோதனை முடிவு மகளின் கைக்குத்தான் முதலில் போகும். ஆபீஸில் ஏதோ வேலையின் நடுவே மோகனப்பிரியா அதைத் திறந்து பார்ப்பாள். நீ இவளுக்குப் பிறக்கவில்லை என்று தூக்கி வளர்த்த பிள்ளைக்கு ஒரு பஞ்சுக்குச்சி சொல்லும். அதற்குப் பிறகு அவள் அம்மா என்று கூப்பிடுவாளா?

போகாமல் இருந்துவிட்டால் குச்சியும் வராது. அன்று சாயங்காலம் போனில் முயன்று பார்த்தாள்.

"அங்க குளுரு கண்ணு. என்ற முட்டிக்கு ஆகாது."

"டல்லாஸ்ல நம்மூர விட வெயிலும்மா."

"கருவேப்பிலைச் செடிக்கு ஆரு தண்ணி ஊத்துவா?"

"கிருபாண்ணன் ஊத்துவாரு."

"ஏரோப்ளேன்ல வவுத்தப் பெரட்டும் சாமி."

"போன தடவ உன்றதயும் தின்னுபோட்டு சபரீஷ் தட்டயும் காலி பண்ணுனியே, அப்பப் பெரட்டுலியா?"

அடுத்த சாக்கு கிடைப்பதற்குள் அந்தப் பக்கம் குரல் இறங்கிவிட்டது. "அம்மா, நெசத்தச் சொல்லு. எங்கூட இருக்கறதுக்கு உனக்கு இஷ்டமில்லியா?"

"அய்யோ, அப்புடியெல்லாம் இல்ல கண்ணு! வாரேன். வாயத் தொறன்னு சொல்ற எடத்துல தொறக்கறேன்."

சென்னைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த கிருபாசங்கர், பொறுப்பாக ஒன்று சொல்லிவைத்தான். "போறதுக்கு முந்தி எதையும் தின்னுபோடாதீங்க அத்தை. முக்கியமா, இன்னொருத்தரு எச்சில் பண்ணுனது வேண்டவே வேண்டாம். ரெண்டு பேரோடதும் கலந்துபோச்சுன்னா ரிசல்ட்டு கொழம்பிப் போயிருங்க."

அவன் எச்சரிக்கையாகத்தான் சொன்னான். மாரியாத்தாள் அதை வைத்தியக் குறிப்பாக எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் உக்கடம் போய், அக்கா ஊருக்குப் பொள்ளாச்சி பஸ் ஏறினாள். அவள் யோசனையில் பழுது ஒன்றும் இல்லை. குச்சி தேடுவது அக்காவின் எச்சில். அது தன் வாயில் இருந்துவிட்டால் தீர்ந்தது. ஒரே நாளில் ஊறாது. சித்த வைத்தியர் கொடுக்கும் சூரணம் போல நாலைந்து நாள் விடாமல் எடுக்க வேண்டும். பிறகு அக்காவையே துணைக்கு என்று சென்னைக்குக் கூட்டிப்போய், டாக்டர் வீட்டு வாசலில் கடைசி வேளையையும் கொடுத்துவிட்டால் குச்சிக்கு வேறு வழி கிடையாது.

சென்னியம்மாள் பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஓர் எருமையோடும் கொஞ்சம் தென்னையோடும் தனியாக இருக்கிறாள். சீலைப் பையோடு வந்து நின்ற தங்கையைப் பார்த்து, "ஏண்டி மாரி, போன் பண்ணியிருந்தா கோழி புடிச்சு வெச்சிருப்பேனே" என்றாள்.

வைத்தியம் அன்றே தொடங்கியது. அக்கா பாதி குடித்து வைத்த காப்பியை, "ஆறிப்போச்சு, நீ வேற போட்டுக்கோ" என்று வாங்கிக் குடித்தாள். அக்கா கடித்த கொய்யாவில் மீதியைக் கடித்தாள். தனக்குத் தட்டு வேண்டாம், கழுவுகிற வேலை மிச்சம் என்று அக்கா சாப்பிட்ட தட்டிலேயே சோற்றைப் போட்டுக்கொண்டாள். முதல் நாள் சென்னியம்மாளுக்குக் கண் கலங்கியது. இந்த வயதிலும் தங்கைக்கு எத்தனை பிரியம் என்று நினைத்தாள். இரண்டாம் நாள், தங்கைக்கு மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுக்கு வந்தாள். மூன்றாம் நாள் அக்கா வாய் வைத்துக் கொப்பளித்த மீதிச் செம்புத் தண்ணீரை மாரியாத்தாள் எடுத்துக் குடித்தபோது, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் எருமைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தவள் கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"ஏண்டி, என்ற எச்சத் தண்ணிய எதுக்குடி இப்புடி மொண்டு மொண்டு குடிக்கறே? என்ன சீக்கு உனக்கு?"

மாரியாத்தாள் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, குச்சியில் தொடங்கிக் கொய்யா வரைக்கும் சொன்னாள். சென்னியம்மாள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"கல்யாணமான நாள்ல இருந்து உன்ற புருசன் தின்ன எலைலயே தின்னியேடி. உனக்கு மீசையா மொளச்சுது?"

மாரியாத்தாள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பு அடங்கியது.

"சொல்லிப்போடு அம்மணி. குச்சி சொல்றதுக்கு முந்தி நீ சொல்லிப்போடு."

"நீ சொல்லுக்கா. உனக்குத்தான் வாயி."

"நாஞ் சொன்னா உரிமை கொண்டாடறாட்டம் இருக்கும். நீ சொன்னாத்தான் அது நாயம்."

சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டார்கள். டல்லாசில் அப்போதுதான் காலை. மோகனப்பிரியா சமையலறையில் நின்றிருந்தாள். "என்னம்மா, பெரியம்மா ஊட்டுல இருக்கறே?" என்றாள்.

"கண்ணு, குறுக்க பேசாம கேளு. உன்னய நான் பெக்கல. அக்காதான் பெத்துது. எனக்கு இல்லீன்னு குடுத்துது. அந்தக் குச்சி ஒத்துப் போகாது சாமி."

திரையில் மோகனப்பிரியா அசையவில்லை. நெட்வொர்க் நின்றுவிட்டது என்று நினைத்துச் சென்னியம்மாள் போனைக் குலுக்கினாள். நெட்வொர்க் நன்றாகவே இருந்தது. பின்னால் டோஸ்டரிலிருந்து ரொட்டி எழும்பியது.

"சரிம்மா. எனக்கு மீட்டிங் இருக்குது" என்று மகள் வைத்துவிட்டாள்.

அன்று போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. மாரியாத்தாள் போனைச் சார்ஜில் போடுவதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தாள். வழக்கமாக வருகிற காலை வணக்கப் பூப்படம்கூட வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்றாள். "எச்சில் பண்ணித் தாரேன், வா" என்று அக்கா சீண்டியும் எழுந்திருக்கவில்லை.

சென்னைக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் போன் அடித்தது. அக்காவின் போன். மாரியாத்தாள் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். மகள் பெற்றவளைத்தானே கூப்பிடுகிறாள். சென்னியம்மாள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பெரியம்மா, வக்கீல்கிட்டக் கேட்டேன். தத்தெடுத்த பத்திரம் இல்லாம அம்மாவக் கூப்புட முடியாதாமா. சட்டப்படி என்ற அம்மா நீதானாமா. கூப்புடறதுன்னா உன்னயத்தான் கூப்புடோணும்."

"என்னயவா? நான் அங்க வந்தா எருமைக்கு ஆரு தீனி வெப்பா? உன்ற சட்டத்துக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா?"

"எனக்கும் அப்புடித்தான் தோணுது. அம்மா எங்க?"

"இங்கதான், கதவுக்குப் பின்னால. மூச்சு உடாமக் கேட்டுட்டு இருக்கறா."

"குடு."

மாரியாத்தாள் போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா எனக்கு இத்தன வருசமாச் சொல்லல?" குரலில் கோபம் இருந்தது. ஆனால் அம்மா என்றுதான் சொன்னாள். அதை மாரியாத்தாள் கவனித்துவிட்டாள்.

"சொன்னனே கண்ணு. சின்னதுல நீ எங்கிருந்து வந்தேன்னு கேக்கறப்பவெல்லாம், தவுட்டுக்கு வாங்குனேன்னு சொன்னனே."

"அது எல்லா அம்மாவும் சொல்றதும்மா! பக்கத்து ஊட்டு அக்காவும்தான் அவங்க பையன்கிட்டச் சொன்னாங்க!"

"அவிய வெளையாட்டுக்குச் சொன்னாங்க. நாஞ் சொன்னது நெசம். புள்ளையச் சும்மா வாங்குனாத் தங்காது, தவுடு குடுத்து வாங்கோணும்னு எங்காத்தா பேசி முடிச்சாங்க. நாலு படி நெல்லுத் தவுடு."

"பேசுனீங்க, சரி" என்று சென்னியம்மாள் குறுக்கே புகுந்தாள். "குடுத்தியாடி? மழ வந்துருச்சு, பஸ்ஸு வந்துருச்சு, நோம்பிக்கு வாரப்பக் கொண்டாரேன்னு புள்ளையத் தூக்கிட்டுப் போனவதான். எத்தன நோம்பி போச்சு?"

மாரியாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறந்தே போயிருந்தாள்.

"அப்ப நான் இன்னும் வித்துப் போகவே இல்லியா, பெரியம்மா?"

"கணக்குப்படி இல்ல. அந்த வக்கீலு சொல்றது சரிதான் பாத்துக்க."

டல்லாசில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "நான் இன்னும் உங்க ரெண்டு பேரு மேலயும் கோபமாத்தான் இருக்கறேன். டிசம்பர்ல வாரேன். அம்மா, சென்னைக்குப் போவேண்டாம். விசிட்டர் விசாலயாச்சும் எத்தன மாசம் விடறாங்களோ அத்தன மாசம் உன்னயக் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள அந்தத் தவுட்டக் குடுத்து முடிச்சுப்போடு."

மறுநாள் சென்னை டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மாரியாத்தாள் பொள்ளாச்சிக்கு ஓடினாள். நெல்லுத் தவிடெல்லாம் இப்போது எண்ணெய் ஆலைக்குப் போய்விடுகிறதாம். ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் கோதுமைத் தவிடுதான் இருந்தது. நாலு படிக்கு மேலேயே, ஒரு மூட்டையாக வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள்.

சென்னியம்மாள் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டு, மூட்டைக்குள்ளேயே போட்டாள்.

"பேசுனது நெல்லுத் தவுடு."

"அக்கா, வெளையாடாத. வாங்கிக்கோ."

"ஆரு வெளையாடறா?"

அக்காவின் முகத்தை மாரியாத்தாள் உற்று உற்றுப் பார்த்தாள். கேலியா, இல்லை மூன்றாவது பிள்ளையை இத்தனை வருடம் கழித்து விட்டுக்கொடுக்க மனசில்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சென்னியம்மாள் மூட்டையைக் கட்டுத்தறிக்கு இழுத்துப் போனாள். கோதுமைத் தவிட்டை எருமை நாலு நாளாகத் தின்றுகொண்டிருக்கிறது. நாலு படி நெல்லுத் தவிடு பாக்கி அப்படியே நிற்கிறது.