விழிஞ்ஞத்தில் ஒரு கப்டன்

கேரளத்து விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் தவராசாவைக் குளச்சல்காரர் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். குளச்சல் அவர் மனைவி சபீனாவின் ஊர். அவர் பிறந்தது யாழ்ப்பாணத்து மயிலிட்டியில். ராணுவம் வந்து ஊர் காலியானபோது அவருக்குப் பத்தொன்பது வயது. யாரும் கூப்பிடாமல் தானாகவே போய் இயக்கத்தில் சேர்ந்தார். கடல் தெரிந்தவர் என்பதால் சீக்கிரம் உயர்ந்தார். மாறன் என்று புதுப்பெயர் வைத்து, படகு அணிக்குக் கப்டன் ஆக்கினார்கள்.

போர் முடிவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, எதிரி காத்திருக்கும் பாதை என்று தெரிந்தும், மேலிடத்து உத்தரவுப்படி தன் படகுகளை அனுப்பினார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. இறந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு அவரே போய்ச் சொன்னார். ஒரு தாய் அவரைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மாதமே இயக்கத்தை விட்டு ஓடி, அகதிகளோடு ராமேசுவரத்தில் இறங்கி, எந்த முகாமிலும் பதியாமல் இங்கே வந்து சேர்ந்தார்.

போன ஆடியில் ஒருவன் பட்டறைக்குள் வந்து, உரிமையோடு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"மாறன் அண்ணை, என்னைத் தெரியேல்லையோ? உங்கட அணியில இருந்தனான்."

தவராசாவின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

"ஆழக்கடலில ஒரு கப்பல் வந்து நிக்கும். சாமான் ஏத்திக்கொண்டு வரவேணும்."

"என்ன சாமான்?"

"முந்தி நாங்கள் ஏத்தினதுதான்."

"சண்டை முடிஞ்சுது தம்பி. எழும்பிப் போ."

அவன் கோபப்படவில்லை. வெளியே கட்டிக் கிடந்த வள்ளத்தைப் பார்த்தான். "உங்கட மச்சான்ர வள்ளம் நல்ல வேகம் போகுமாம்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் பட்டறைப் பக்கம் வரவில்லை. ஆனால் சபீனாவின் தம்பி அஜினோடு டீக்கடையில் உட்கார்ந்திருப்பதைத் தவராசா இரண்டு தடவை பார்த்தார். கேட்டதற்கு அஜின் சிரித்தான். "ஒரு ஓட்டம்தான் அத்தான். பேடிக்க ஒண்ணும் இல்ல. நீங்க ஓட்டாத வள்ளமா?"

அந்த வார்த்தையில் அவருக்கு விளங்கியது: தன் பழைய கதை இவனுக்குத் தெரிந்துவிட்டது. அதைக் காட்டித்தான் இவனை இழுத்திருக்கிறார்கள். வள்ளத்தில் ஏறப்போகும் அஜினுக்கும் அன்று ஏறிய பிள்ளைகளின் வயதுதான்.

போலீசுக்குப் போகிறேன் என்றதும் சபீனா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "நீங்க ஆருன்னு கேப்பாங்க. கையில ஒரு பேப்பரும் இல்ல. போனா விடுவாங்களா? மிண்டாம இருங்க."

"அண்டைக்கு நான் பேசாமத்தான் இருந்தனான்" என்றார்.

நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். தன் பெயர், இயக்கப் பெயர், கப்பல் விஷயம் எல்லாவற்றையும் சொன்னார். அஜினின் வள்ளம் கடலுக்குப் போகுமுன் போலீஸ் அதைப் பிடித்துவைத்தது. அஜினை விசாரித்து விட்டுவிட்டார்கள். வந்தவன் அகப்படவில்லை. தவராசாவை அனுமதியில்லாமல் தங்கிய வெளிநாட்டவர் என்று தடுப்பு முகாமில் அடைத்தார்கள்.

அஜின் அவரைப் பார்க்க வரவே இல்லை. சபீனா மாதம் ஒருமுறை போகிறாள். கடைசியாகப் போனபோது, மாதா கோயில் பூசை முடிந்து வரும்போதெல்லாம் யாரோ ஒருத்தன் பைக்கில் பின்னால் வருகிறான் என்றாள்.

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்த அவர் இன்னும் கிட்ட நகர்ந்து வந்தார்.

"முகம் பாத்தியோ?"

"ஹெல்மெட் போட்டிருக்கான்."

"அஜினைக் கூட்டிக்கொண்டு இண்டைக்கே குளச்சலுக்குப் போ."

"அவன் வரமாட்டான்" என்றாள் சபீனா. "நாங்க எங்க போனாலும் அவங்களுக்குத் தெரியும் அல்லே?"

நேரம் முடிந்தது என்று காவலர் வந்து நின்றார்.