வடக்கே போகாத கோழிகள்

ஆறாவது படிக்கும்போது எனக்கு இரண்டே வேலைகள்தான். ஒன்று புத்தகம் படிப்பது, மற்றொன்று படித்ததை உடனே செய்து பார்ப்பது. சமையல் புத்தகம் படித்த வாரத்தில் அம்மாவின் குக்கர் போனது. கட்டுரைப் போட்டிக்குப் பரிசாக வந்த நாவலைப் படித்த வாரத்தில் அப்பாவின் கோழிகளுக்கு ஆபத்து வந்தது.

பருத்திக் காட்டில் அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு குடும்பம், முதலாளியின் நாய்களுக்குத் தப்பி ஓடும் பழங்கால அமெரிக்கக் கதை அது. வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டால் விடுதலை. கடைசிப் பக்கத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே எங்கள் பண்ணை. கம்பிக் கூண்டுக்கு வெளியே கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு கோழிகள். முட்டை குறைந்துபோன கடைசி வரிசையை மறுநாள் கறிக்கு ஏற்றப்போவதாக அப்பா போனில் பேசியதும் காதில் விழுந்திருந்தது. அவற்றைக் காப்பாற்றியே தீருவதென்று முடிவு செய்தேன்.

அப்பா நாமக்கல் போயிருந்த மதியம், அந்த வரிசைக் கூண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். ஒரு கோழிகூட அசையவில்லை. நாவலில் இப்படியெல்லாம் நடக்கவே இல்லை. காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டால், நான்தான் கொல்ல வந்தவள் என்பதுபோலக் கூப்பாடு போட்டன. வடக்குப் பக்கமாகத் துரத்தினேன். நாலடி நடந்து கூண்டுக்கு அடியிலேயே போய் நின்றுகொண்டன. தீவன வண்டியின் சத்தம் கேட்டதுதான் தாமதம், எல்லாம் மறுபடி கூண்டுக்கு ஏற முண்டியடித்தன.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் எங்கள் பண்ணையில் புருஷனோடு தங்கி வேலை செய்த ஒடிசா அக்கா. அவர் திகைத்து நிற்கும்போதே அப்பாவின் பைக்கும் வந்துவிட்டது.

"ஏஞ் சாமி, இதுகள எங்க போகச் சொன்னே?"

"வடக்கதானுங்கப்பா."

"வடக்க உம்பட பெரியப்பன் பண்ணை, தெக்க உம்பட மாமன் பண்ணை. எங்க போனாலும் கூண்டுதான் சாமி."

அதோடு விட்டிருக்கலாம். நாளைக்கு வண்டி வரும், ஒன்றுகூடக் குறையக்கூடாது என்று, பிடித்து அடைக்கிற வேலையையும் என் தலையில் கட்டினார். அக்காவும் கூட வந்து பிடித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த என்னிடம், அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். கோழிகளைத் துரத்தியபடியே முழுக் கதையையும் சொன்னேன். அக்கறையாகக் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் எழுப்பினார்.

"அவங்க ஓடினாங்கல்ல, அவங்க ஆதார் கார்டு யார்கிட்ட இருந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்தக் காலத்துல ஆதாரே கிடையாதுங்க்கா."

"அப்போ சரி," என்றார் அக்கா. "அப்போ ஓடலாம்."

சாயங்காலம் காபி நேரத்தில் இதை வீட்டில் நடித்தே காட்டினேன். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அப்பா சிரிக்கவில்லை. அக்கா, அவர் புருஷன் இருவருடைய ஆதார் கார்டுகளும் எங்கள் பீரோவில்தான் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்பா வாங்கி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனவர், எப்போதும் திறந்தே கிடக்கும் பீரோவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஏன் வாயைத் திறந்தோம் என்று இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. அன்றைக்கோ, அடுத்தவர் பொருளை அப்பா எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, இன்னொரு டம்ளர் காபி கேட்டேன்.