குளிசையா, கத்தியா?

போன வருடம் ஒரு டாக்டர் என்னை வாயை மூடச் சொன்னார்.

மரியாதையாகத்தான். "ஐயா, நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ. ரீச்சர் சொல்லட்டும்" என்றார். ரீச்சர் என்றால் என் மனைவி புஷ்பம். வவுனியாவில் கணிதம் படிப்பிக்கிறாள். நெஞ்சு இறுக்கம் அவளுக்கு. பதில் சொல்லிக்கொண்டிருந்ததோ நான்!

பள்ளிக்கூட மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் யாரோ கல்லைத் தூக்கி வைக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். வவுனியாவை விட்டு வெளியே போக ஆமிக்காரரிடம் அலைந்து பாஸ் எடுத்து, கொழும்புக்குப் போய், ஆஞ்சியோகிராம் செய்தோம். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு ஒடுங்கியிருந்தன. அந்த ரிப்போர்ட்டோடுதான் டாக்டர் முன்னால் இருந்தோம்.

என் முடிவு தயாராக இருந்தது. பைபாஸ்! கனடாவிலிருந்து மச்சானும் போனில் கத்தியிருந்தான்: "அத்தான், யோசிக்காதேங்கோ. உடனே ஒப்பரேசனைச் செய்விக்கப் பாருங்கோ."

புஷ்பம் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒப்பரேசன் செய்தால் கூடக் காலம் இருப்பனோ? இல்லாட்டி நெஞ்சு நோ மட்டும்தான் குறையுமோ?"

எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

"நல்ல கேள்வி" என்றார் டாக்டர். "உங்கட இதயம் இன்னும் பலமா வேலை செய்யுது. பிரதான குழாயிலயும் அடைப்பில்லை. அதால ஆயுளில பெரிய வித்தியாசம் வரும் எண்டு நான் சொல்லமாட்டன். நோ குறையும். ஆனால் ஒப்பரேசனிலயும் ஆபத்து இருக்கு. மருந்துக் குளிசையோட கொஞ்சக் காலம் பாக்கலாம்."

"அப்ப குளிசை" என்றாள். "டிசம்பரில என்ர வகுப்புப் பிள்ளையளுக்குச் சோதினை."

வீடு வரும்வரை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். கோபம்... இல்லை, பயம். பயத்தைக் கோபமாக மாற்றுவதில் கணவன்மாருக்கு நல்ல பயிற்சி இருக்கிறது!

ஆனால் அவள் விளையாட்டாக இருக்கவில்லை. நேரம் தவறாமல் குளிசை. கறியில் தேங்காய்ப்பால் குறைந்தது. பின்னேரங்களில் நெளுக்குளம் வீதியில் நடை. நாக்கின் கீழ் வைக்கும் சின்னக் குளிசை எப்போதும் கைப்பையில். நோ குறைந்தது. பரீட்சையும் முடிந்தது. நானும் நிம்மதியாகிவிட்டேன். குளிசையைப் போல உண்டா என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

தை பிறந்ததும் நோ திரும்பி வந்தது. முதலில் நடக்கும்போது. பிறகு குசினியில் அரிசி கழுவும்போது. டாக்டர் குளிசையைக் கூட்டிப் பார்த்தார். போதவில்லை.

ஒருநாள் காலை, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, நான் ஒப்பரேசன் செய்யப் போறன்."

"குளிசை போதுமெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"ஓம், அப்ப போதும். இப்ப போதாது. கணக்கில தரவு மாறினால் விடையும் மாறும்தானே?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? வேண்டாம் என்றேன்! ஆறு மாதத்துக்கு முன் 'வெட்டு, வெட்டு' என்று நின்ற அதே மனிதன். நெஞ்சைப் பிளப்பார்களாமே என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னோடு வாதாடவில்லை. பாஸுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கினாள்.

டாக்டரும் இந்தமுறை, "இனி ஒப்பரேசன்தான் நல்லது" என்றார்.

கொழும்பில், ஒப்பரேசன் நடந்த காலை, ஐந்து மணித்தியாலம் அறைக்கு வெளியே இருந்தேன். கும்பிட்டேன். கும்பிட மறந்தும் இருந்தேன். கதவு திறந்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்று டாக்டர் சொன்னதும் மச்சானுக்குப் போன் எடுக்க ஓடினேன்.

நாலாம் நாள் வார்டுக்குள் போனால், சிரிப்புச் சத்தம். பக்கத்துக் கட்டிலில் குருநாகலிலிருந்து வந்த சிங்களப் பெண்மணி ஒருவர், அவருக்கும் பைபாஸ். இருமும்போது தையல் வலிக்காமலிருக்க இருவரும் நெஞ்சோடு தலையணையைக் கட்டிப் பிடித்திருந்தார்கள். ஒருவர் இருமினால் மற்றவருக்கும் இருமல். அதைப் பார்த்துச் சிரிப்பு. சிரித்தால் வலி. வலித்தால் இன்னும் சிரிப்பு! இவளுக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழே தெரியாது. யாருக்கு மொழி வேண்டியிருந்தது?

மூன்று மாதமாயிற்று. இப்போதும் குளிசை உண்டு, நடை உண்டு. சத்திரசிகிச்சை முடிந்ததும் அவற்றைக் கைவிடலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம். குளிசையா, கத்தியா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் இரண்டு தடவையும் பிழையான பக்கம் நின்றவன். நோவு யாருக்கோ, அவர் டாக்டரிடம் வாய்திறந்து கேட்கட்டும். அவ்வளவுதான்.

போன கிழமை அவளிடம் கேட்டேன்: "உமக்குப் பயமே இருக்கேல்லையோ?"

"இருந்தது. ஆனா ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் கொஞ்சமாப் பயப்பிடுறதைவிட, ஒருநாள் நல்லாப் பயந்து முடிக்கிறது லேசு."